117 வேலைகள் உள்ள பட்டியலைத் திறக்கவே கை வரவில்லை

நூல்கண்டு (திருப்பூர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 34. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (ஆர்டரைத் தொடக்கம் முதல் அனுப்பும் வரை ஒருங்கிணைப்பவராக) வேலை பார்க்கிறேன். எனக்கு ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சார்ந்த கோளாறு) இருப்பதை எட்டு மாதங்களுக்கு முன் மனநல மருத்துவர் உறுதி செய்தார்; கவனம் சிதறும் வகை, துறுதுறுப்பு வெளியே தெரியாது. மருந்து எடுத்துக்கொள்கிறேன், பயனும் தெரிகிறது. நான் கேட்க வந்தது மருந்தைப் பற்றி அன்று, செய்யவேண்டிய வேலைகளை எழுதி வைக்கும் பட்டியலைப் பற்றி.

நேற்று இரவு கைப்பேசியில் உள்ள பட்டியலை எண்ணிப் பார்த்தேன். 117 வரிகள் இருந்தன. ‘லேப் டிப் ஃபாலோ அப்’, ‘அக்சசரீஸ்’, ‘பாப்பா ஸ்கூல் ஃபீஸ்’, ‘வண்டி இன்சூரன்ஸ்’, ‘அம்மா தைராய்டு டெஸ்ட்’ என்று போய்க்கொண்டே இருக்கிறது. நடுவில் ‘பரண்’ என்று ஒரு வரி. பரணில் என்ன செய்ய நினைத்து அதை எழுதினேன் என்பதே எனக்கு நினைவில்லை. ஆனாலும் அதை அழிக்க மனம் வரவில்லை, ஏதாவது முக்கியமானதாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பட்டியலைத் திறந்தவுடன் நெஞ்சில் ஒரு கனம் ஏறும். மூடிவிட்டு அடுப்படி மேடையைத் துடைக்கப் போய்விடுவேன். அடுப்படி மேடை அந்தப் பட்டியலிலேயே இல்லாத வேலை.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அலுவலகத்தில் ஒவ்வொரு ஆர்டருக்கும் டி அண்ட் ஏ காலண்டர் (எந்த வேலை எந்த நாளில் முடிய வேண்டும் என்ற கால அட்டவணை) போட்டு, நூல் வாங்குவதில் தொடங்கி நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் வரை நாள் குறித்து நடத்துபவள் நான்தான். அதில் பெரிய பிழை வருவதில்லை. ஆனால் அந்தக் காலண்டருக்கு வெளியே நிற்கும் சின்ன வேலைகளில் வழுக்கி விழுகிறேன். சென்ற மாதம் ஒரு குழந்தைகள் ஆடை ஆர்டரில் வாஷ்கேர் லேபிளுக்கு (துவைக்கும் முறை அச்சிட்ட துணிச் சீட்டு) பையர், அதாவது ஆர்டர் கொடுத்தவர், ஒப்புதல் அனுப்பிய மின்னஞ்சலைப் படித்தேன், மகிழ்ந்தேன், லேபிள் அடிப்பவருக்கு அதை அனுப்ப மறந்தேன். நான்கு நாள்கள் பேக்கிங் நின்றது. அன்று இரவே பட்டியலில் மேலும் பதினோரு வரிகளைச் சேர்த்தேன் என்பதை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

“உன்ற லிஸ்ட்டுக்கே ஒரு லிஸ்ட் வேணுமாட்ட இருக்குது” என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்கிறார். “ஒன்னொன்னா செய் கண்ணு” என்கிறார் அத்தை. எந்த ஒன்றை முதலில் எடுப்பது என்பதுதானே என் சிக்கல்? இதே நிலையில் இருந்து மீண்டவர்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதினால் உதவியாக இருக்கும்.


கணக்குப்பிள்ளை (ஈரோடு) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். எனக்கு வயது 46. என் மகளுக்கு ஏ.டி.எச்.டி. என்று கண்டறிந்த மருத்துவர் அவளைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவற்றில் பாதி என்னைப் பற்றிய பதில்களாக இருப்பதை என் மனைவிதான் முதலில் கவனித்தார். அப்படித்தான் 41 வயதில் எனக்கும் தெரிய வந்தது. தொழில், வரிக் கணக்கு. மாதத்தில் 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்று ஜி.எஸ்.டி. படிவங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த இரண்டு தேதிகளை ஒட்டிய நாள்களில் என்னை யாரும் அசைக்க முடியாது. மற்ற நாள்களில் ஒரு வாடிக்கையாளருக்கு வந்த நோட்டீஸுக்கான பதிலை, எழுதி முடித்த பிறகும், மூன்று வாரம் மேசை இழுப்பறையில் வைத்திருந்தவன் நான். கையெழுத்து வாங்கி அனுப்பும் வேலை மட்டுமே மீதமிருந்தது.

உங்கள் கேள்விக்குள்ளேயே விடையில் பாதி இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. டி அண்ட் ஏ காலண்டரில் ஒவ்வொரு படிக்கும் ஒரு தேதியும், அதைச் செய்யும் ஆளும், தவறினால் தொலைபேசியில் கத்துவதற்கு ஒருவரும் இருக்கிறார்கள். ‘பரண்’ என்ற வரிக்கு இவற்றில் எதுவும் இல்லை. உங்கள் 117 வரிகளும் ஒரே நேரத்தில் உங்களைப் பார்த்து, ‘என்னை எடு’ என்கின்றன. பட்டியலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நீங்கள் 117 தீர்ப்புகள் எழுத வேண்டியிருக்கிறது. வேலையைத் தொடங்குவதற்கு முன்பே களைத்துப்போவது அதனால்தான்.

பனியன் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்க்கப் போய் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. குடோனில் எத்தனை ரோல் துணி இருந்தாலும் கட்டிங் மேசையில் அன்றைக்கு வெட்டவேண்டிய லே (துணி அடுக்கு) மட்டுமே விரிக்கப்படும். மீதித் துணி இல்லாமல் போய்விடுவதில்லை, மறக்கப்படுவதும் இல்லை. ஸ்டாக் நோட்டில் இருக்கிறது. நாம் செய்யும் தவறு, குடோனையே மேசை மீது கொட்டிவிட்டு வெட்டுக்கத்தியோடு நிற்பது.

ஆகவே நான் இரண்டாகப் பிரித்தேன். குடோன் என்பது ஒரு நீள நோட்டுப் புத்தகம். மனதில் எது தோன்றினாலும் அதில் போய்விடும். அதில் எத்தனை வரி இருந்தாலும் எனக்குக் கவலையில்லை, ஏனென்றால் நாள்தோறும் நான் அதைத் திறப்பதில்லை. மேசை என்பது, நம்பமாட்டீர்கள், தினசரி நாள்காட்டியில் கிழித்த முந்தைய நாளின் தாள். எங்கள் அலுவலகத்தில் மாட்டியிருப்பது சின்ன நாள்காட்டி. தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். என் கையெழுத்தில் மூன்று வரிக்கு மேல் அதில் கொள்ளாது. காலையில் நேற்றைய தாளைக் கிழித்து அதன் முதுகில் இன்றைய மூன்று வேலைகளை எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொள்வேன். முடியாதது மறுநாள் தானாகவே அடுத்த தாளுக்குப் போகாது; கையால் மறுபடி எழுத வேண்டும். ஒரே வரியை மூன்றாவது நாளும் எழுத நேர்ந்தால் அது எழுதப்பட்ட விதத்தில்தான் கோளாறு என்று முடிவு செய்வேன், என்னைத் திட்டிக்கொள்ள மாட்டேன்.

எழுதப்பட்ட விதம் என்று நான் சொல்வதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. அவசரத்தில் எழுதும்போது ‘அம்மா தைராய்டு டெஸ்ட்’ என்று பெயரோடு நிறுத்திவிட்டு, வினையை விழுங்கிவிடுகிறோம். எழுதிய அந்த நிமிடத்தில் வினை நம் மனதில் இருக்கிறது. நான்கு நாள் கழித்துப் படிக்கும்போது இல்லை. டெஸ்ட் எடுக்க வேண்டுமா, எடுத்த ரிப்போர்ட்டை வாங்க வேண்டுமா, மருத்துவரிடம் காட்ட வேண்டுமா? ‘அம்மாவுக்கு போன் செய்து, ரத்தம் கொடுக்க எந்த நாள் காலையில் வருவார் என்று கேட்க வேண்டும்’ என்று முற்றுவினை வரை எழுதினால் அது இரண்டு நிமிட வேலை. ‘வண்டி இன்சூரன்ஸ்’ என்பது ஒரு மலை, ‘ஆர்.சி. புத்தகத்தைப் பீரோவிலிருந்து எடுத்து மேசையில் வைக்க வேண்டும்’ என்பது ஒரு கைவேலை. வாக்கியத்தை முடிக்க முடியவில்லை என்றால், அந்த வேலை என்னவென்று நமக்கே இன்னும் தெரியவில்லை என்று பொருள். உங்கள் ‘பரண்’ அந்த வகை, தயங்காமல் அடித்துவிடுங்கள். உண்மையிலேயே தேவையானது என்றால் பரணே ஒருநாள் உங்களைக் கூப்பிடும்.


நொய்யல் (கோயம்புத்தூர்) எழுதியது:

நான் மருத்துவ உளவியலாளர். பெரியவர்களோடு வேலை செய்கிறேன். மேலே நண்பர் எழுதியதை ஒட்டிச் சில விளக்கங்களைச் சேர்க்கிறேன்.

சோம்பல் என்று வீட்டார் நினைப்பது பெரும்பாலும் மூளையின் நிர்வாகச் செயல்பாடு சார்ந்தது. அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி 1997-இல் முன்வைத்த விளக்கப்படி, ஏ.டி.எச்.டி. என்பதைக் கவனம் குறைந்த நிலை என்று மட்டும் பார்த்தால் போதாது. உந்துதலைச் சற்று நிறுத்திவைத்து, செய்தியை மனதில் தாங்கி, காலத்தைக் கணித்து, அடுத்த அடியைத் தேர்ந்தெடுக்கும் திறன்களில்தான் தடை இருக்கிறது. மனதில் ஒரே நேரத்தில் தாங்கக்கூடியவை ஏறக்குறைய ஏழு என்று 1956-இல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் அதை நான்கு அளவுக்குக் குறைத்துக் காட்டினார். இது எல்லா மனிதர்களுக்கும் பொருந்தும் கணக்கு. நம்மில் ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்கு இந்த இடம் இன்னும் நெருக்கடியானது என்பதால், நாள்காட்டித் தாளின் மூன்று வரி எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை.

இன்னொன்று, நேரக் கணிப்பு. ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைவாகவே மதிப்பிடும் பழக்கத்தை உளவியலாளர்கள் கானெமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இலேயே விவரித்திருக்கிறார்கள். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் இது இரு பக்கமும் வெட்டுகிறது. பிடித்த வேலைக்குப் பத்து நிமிடம் போதும் என்று இறங்கி இரண்டு மணி நேரம் மூழ்குவார்கள். பிடிக்காத வேலை நான்கு நிமிடத்தில் முடியக்கூடியது என்றாலும் அரை நாளை விழுங்கிவிடும் என்று தள்ளிப்போடுவார்கள். ஒரு வாரம் மட்டும், வேலையைத் தொடங்கும் முன் ‘எவ்வளவு ஆகும்’ என்று ஒரு எண்ணும், முடித்த பிறகு உண்மையில் ஆன நேரமும் எழுதிப் பாருங்கள். அந்த இரண்டு எண்களின் இடைவெளியைப் பார்த்த பிறகு, தள்ளிவைத்த வேலைகள் மீதுள்ள பயம் பலருக்குக் குறைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மருந்தைப் பற்றி ஒரு வரி. மெத்தில்ஃபெனிடேட், அடமாக்ஸெட்டின் போன்ற மருந்துகள் வேலையைத் தொடங்கவும் அதில் நிலைக்கவும் உதவும். எதை முதலில் எடுப்பது என்று அவை சொல்லித் தருவதில்லை. பெரியவர்களுக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் ஒரு நாள்காட்டியும் ஒரு வேலைப் பட்டியலும் தொடக்கத்திலேயே இடம்பெறுவது அதனால்தான். தொடங்க முடியாத வேலைகளுக்கு இன்னொரு வழி, யாராவது ஒருவர் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருப்பது. அவர் உதவவும் வேண்டாம், ‘ஆச்சா?’ என்று கேட்கவும் வேண்டாம். ‘ஆச்சா?’ என்று கேட்காமல் இருப்பதுதான் நம் வீடுகளில் கடினம்.

இதைப் படித்துவிட்டு ‘எனக்கும் இப்படித்தான்’ என்று நினைப்பவர்களுக்கு: தைராய்டு குறைபாடு, ரத்தசோகை, தூக்கக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் இதே போன்ற மறதியையும் தேக்கத்தையும் தரும். 2013-இல் வெளியான டி.எஸ்.எம்-5 (மனநலக் கோளாறுகளைக் கண்டறிவதற்கான அமெரிக்கக் கையேடு) வரையறைப்படி, பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குக் கவனச் சிதறல் வகையில் குறைந்தது ஐந்து அறிகுறிகளாவது இருக்க வேண்டும். அதனால்தான் மருத்துவர்கள் பள்ளி நாள்களைப் பற்றித் துருவிக் கேட்கிறார்கள். முதல் அடிக்கு ஆள் கிடைக்காதவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள்.


பம்ப்செட் (பல்லடம் சாலை) எழுதியது:

காகிதம் எல்லோருக்கும் ஆகாது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். நான் மோட்டார் பம்ப் விற்பனைப் பிரதிநிதி. காலையில் கோவையில் கிளம்பினால் தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில் என்று வண்டியிலேயே போகும் நாள். சட்டைப் பையில் வைத்த தாள் வியர்வையில் கூழாகும், இல்லாவிட்டால் துணி துவைக்கும்போது கிடைக்கும். என் குடோன் வாட்ஸ்அப்பில் எனக்கு நானே அனுப்பிக்கொள்ளும் குரல் பதிவுகள். மாலையில் டீக்கடையில் உட்கார்ந்து அவற்றைக் கேட்டு, மறுநாளுக்கான மூன்றை மட்டும் அலாரமாக வைத்துவிடுவேன். அலாரத்தின் பெயரிலேயே வேலையை எழுதிவிட்டால் அது அடிக்கும்போது ‘எதற்கு வைத்தேன்’ என்று விழிக்க வேண்டியதில்லை.

ஆனால் புதுச் செயலிகளைத் தேடிப் போகாதீர்கள். நான் ஐந்து போட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றும் பத்து நாள் புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தது. வண்ணம் பிரிப்பதிலும் பெட்டி பிரிப்பதிலும் கிடைத்த மகிழ்ச்சியில், வேலை செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். முற்றுவினை வரை எழுதச் சொன்னது நல்ல யோசனை, இன்று முதல் குரல் பதிவிலும் அப்படியே சொல்லப் போகிறேன்.


வாய்க்கால்மேடு (கோபி) எழுதியது:

அம்மிணி, நான் 63 வயது விவசாயி. எனக்கு இந்த நோய் இல்லை; என் மகனுக்கு இருக்கிறது. முப்பது வயதில்தான் தெரிந்தது. அதுவரை நான் அவனைச் சொன்ன சொற்களை இங்கே எழுத விரும்பவில்லை.

மேலே குடோனைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்குக் கீழ்பவானி வாய்க்கால் நினைவுக்கு வந்தது. அதன் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) 2,07,000 ஏக்கர். பவானிசாகரில் அணை நிறைந்திருந்தாலும் மொத்தத்துக்கும் ஒன்றாக நெல்லுக்குத் தண்ணீர் விட முடியாது. ஆகவே மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, ஒரு பாதிக்கு ஆகஸ்டில் நன்செய்க்கும், மறு பாதிக்கு ஜனவரியில் புன்செய்க்கும் முறை வைத்து விடுகிறார்கள். அடுத்த ஆண்டு முறை மாறும். இந்த முறை நமக்கு நெல் இல்லை என்றால் வருத்தம்தான், ஆனால் யாரும் வாய்க்கால் கரையில் நின்று ஏங்குவதில்லை. நிலக்கடலையோ எள்ளோ போட்டுவிட்டு அடுத்த ஆண்டுக்குக் காத்திருப்போம். ‘இது இந்த முறைக்கு இல்லை’ என்று தெரிந்துவிட்டால் மனம் அதை விட்டுவிடுகிறது.

என் மகன் இப்போது வீட்டு வேலைகளையும் கடை வேலைகளையும் அப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறான். ஒரு வாரம் வீட்டு மதகு, ஒரு வாரம் கடை மதகு. கரண்ட் பில், மருந்து போன்ற தேதி உள்ளவை மட்டும் இரண்டு வாரமும் ஓடும். எட்டு மாதக் குழந்தை வைத்திருக்கும் மருமகளுக்கு முதலில் இது பிடிக்கவில்லை, நியாயம்தான். ஒரு வாரம் முழுக்கக் குழாய் ஒழுகினால் யாருக்குப் பிடிக்கும்? பிறகு ஒழுகும் குழாய், தீர்ந்த அரிசி போன்றவற்றுக்கு முறை கிடையாது என்று இருவரும் பேசி முடிவு செய்தார்கள். இது உங்களுக்குப் பொருந்துமா என்று தெரியவில்லை, எங்கள் வீட்டில் சண்டை குறைந்திருக்கிறது.


நூல்கண்டு (திருப்பூர்) எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி, பெரியவருக்குத் தனியாக வணக்கம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை 117 வரிகளையும் ஒரு நோட்டில் முற்றுவினையோடு எழுத உட்கார்ந்தேன். தனியாக உட்கார்ந்தபோது ஆறு வரியில் எழுந்துவிட்டேன். பிறகு அத்தையிடம் விஷயத்தைச் சொல்லி, பக்கத்தில் இருக்கச் சொன்னேன். அவர் ஒரு முறம் நிறைய முருங்கைக்கீரையை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, ஒரு மணி நேரம் ஒரு வார்த்தையும் பேசாமல் உருவிக்கொண்டிருந்தார். ஒருமுறை மட்டும் “இன்னும் எத்தனை பக்கம்ங்க அம்மிணி?” என்று கேட்டுவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். 31 வரிகளுக்கு வாக்கியத்தை முடிக்கவே முடியவில்லை. அவை போய்விட்டன, பரண் உட்பட. 14 வரிகள் ஏற்கெனவே முடிந்த வேலைகள். ‘அக்சசரீஸ்’ என்பது ஐந்து வாரமாக என்னைப் பயமுறுத்திய வரி. முடித்து எழுதிப் பார்த்தபோது, ‘பாலிபேக் சப்ளையரிடம் மைக்ரான் எவ்வளவு என்று கேட்க வேண்டும்’ என்று வந்தது; பையின் தடிமனைக் கேட்பது, அவ்வளவுதான். நாற்பது நிமிடம் ஆகும் என்று எழுதி வைத்தேன். நான்கு நிமிடத்தில் முடிந்தது.

நாள்காட்டித் தாள் எனக்கும் பொருந்துகிறது. இருபத்தொரு நாள்களில் மூன்று வரியும் முடிந்தவை ஒன்பது நாள்கள்தான், ஆனாலும் முன்பு இருந்த நெஞ்சுக் கனம் இல்லை. வண்டி இன்சூரன்ஸை நான்கு நாள் எழுதினேன், பிறகு ஆர்.சி. புத்தகத்தைப் பீரோவிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அது இன்னும் மேசையில்தான் இருக்கிறது. ஒரு வாரம் வீடு, ஒரு வாரம் அலுவலகம் என்று மதகு பிரிப்பது மட்டும் ஷிப்மெண்ட் நேரத்தில் எனக்கு நடக்கவில்லை.

இப்போது என் சிக்கல் வேறு. குடோன் நோட்டை இரண்டு வாரமாகத் திறக்கவே இல்லை. பழைய பயம் கைப்பேசியிலிருந்து நோட்டுக்கு இடம் மாறிவிட்டதோ என்று தோன்றுகிறது. ஈரோட்டு அண்ணா அதை எப்போது, எவ்வளவு நேரம் பார்க்கிறார்?


கணக்குப்பிள்ளை (ஈரோடு) எழுதியது:

வெள்ளிக்கிழமை மாலை, அலுவலகத்தில் சாமி படத்துக்குப் பூ வைத்து ஊதுபத்தி ஏற்றிய பிறகு திறப்பேன். ஊதுபத்தி எரிந்து முடிந்ததும், எந்த வரியில் இருந்தாலும் மூடிவிடுவேன். உங்கள் ஊதுபத்தி நீளமாக இருந்தால் பாதியாக உடைத்துக்கொள்ளுங்கள்.